வீட்டு மின்சாரம்: ஒரு யூனிட்டின் உண்மையான விலை எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் சென்னை வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 510 யூனிட் ஓடி, 2,124 ரூபாய் பில் வந்திருக்கிறது. தொகையை யூனிட்டால் வகுத்து, ஒரு யூனிட் 4 ரூபாய் 16 காசு என்று முடிவு செய்திருக்கிறீர்கள். இப்போது ஒன்றரை டன் ஏசி வாங்கப் போகிறீர்கள். மூன்று நட்சத்திர ஏசியைவிட ஐந்து நட்சத்திர ஏசி 8,000 ரூபாய் கூடுதல் என்பதால், 4.16 ரூபாய் விலையில் அந்த 8,000 எப்போது திரும்பும் என்று கேட்கிறீர்கள். கூடவே, ஒரு யூனிட்டின் உண்மையான விலை இதுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த 4.16 என்பது கட்டிய பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. இனிமேல் எடுக்கப்போகும் முடிவு எதற்கும் அது உதவாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ஒரே விலை என்று ஒன்று கிடையாது. எத்தனையாவது யூனிட் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. அதைவிட முக்கியம், மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் முன்பே ஓடி முடிந்த யூனிட்டுகளின் விலையும் பின்னோக்கி மாறுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் 3.16 சதவீத உயர்வு அனுமதிக்கப்பட்டபோது வீட்டு நுகர்வோருக்கான உயர்வை மாநில அரசே ஏற்றுக்கொண்டதால், வீடுகள் கட்டும் தொகை அப்போது மாறவில்லை. கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அட்டவணைப்படியே. பிற்பாடு எண்கள் மாறினாலும் கணக்கிடும் வழி இதுதான். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை முழுவதும் 4.70, அடுத்த நூறு 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. எத்தனை யூனிட் ஓடினாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம், வீட்டு இணைப்புக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 செப்டம்பர் ஆணையிலேயே நீக்கப்பட்டுவிட்டது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஆகவே பில் தொகை கிட்டத்தட்ட முழுவதும் இந்த அடுக்குகளின் கணக்குத்தான்.

இதைப் பயன்படுத்திப் பார்த்தால் 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,805 ரூபாய் வரும். 501 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஐந்நூற்றோராவது யூனிட்டுக்கு அட்டவணையில் எழுதியிருக்கும் விலை 8.40, அந்த வீட்டுக்காரர் அதற்காக உண்மையில் தருவது 243 ரூபாய் 40 காசு. இரண்டாவது நூறு யூனிட்டுக்குப் பாதி விலை என்றிருந்த சலுகை எல்லையைத் தாண்டியதும் பறிபோவதால் 235 ரூபாய் ஏறிவிடுகிறது. உங்கள் பில்லில் இது அப்படியே நடந்திருக்கிறது: கடைசிப் பத்து யூனிட்டுக்கு நீங்கள் கட்டியது 319 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 32 ரூபாய் விழுந்த அந்தப் பத்தும், முன்னால் ஓடிய 500-உம் சேர்ந்து சராசரியில் கலந்துபோய்த்தான் 4.16 என்ற சாதுவான எண்ணாக வெளியே வந்திருக்கின்றன.

எனவே யூனிட் விலை என்று கேட்பவர் முதலில் எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடந்த ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட வேண்டுமானால் சராசரி போதும். ஒரு பொருளை வாங்கலாமா, மாற்றலாமா, அணைக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டுமானால், அந்தப் பொருள் இருக்கும்போது வரும் பில்லையும் இல்லாதபோது வரும் பில்லையும் தனித்தனியே போட்டு, வித்தியாசத்தைக் கூடுதல் யூனிட்டால் வகுக்க வேண்டும். கிடைப்பதே அந்தப் பொருள் குடிக்கும் மின்சாரத்தின் விலை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விளக்கும் மிக்ஸியும் மலிவான அடுக்குகளை நிரப்பிவிட்டன. புதிதாக வருவது எதுவோ அது உச்சியில்தான் போய் உட்காரும்.

உங்கள் ஏசிக்கே வருவோம். கோடை இரவுகளில் அது ஓடி, இரண்டு மாதத்தில் 350 யூனிட் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 510 என்பது 860 ஆகும். பில் 5,400 ரூபாய். கூடுதல் 3,276 ரூபாயை 350-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 9.36. 4.16 என்று நினைத்திருந்தால் நீங்கள் எதிர்பார்த்திருப்பது 1,456 ரூபாய்தான். ஐந்து நட்சத்திர ஏசி ஐந்தில் ஒரு பங்கு குறைவாக எடுத்து 280 யூனிட்டில் முடித்தால், மொத்தம் 790 யூனிட், பில் 4,675 ரூபாய் 50 காசு. மிச்சமாகும் 70 யூனிட்டும் மேலிருந்து கழிவதால் சேமிப்பு 724 ரூபாய் 50 காசு, அதாவது யூனிட்டுக்கு 10.35. ஆண்டில் இப்படி இரண்டு பில் காலம் என்றால் 1,449 ரூபாய். 8,000 ரூபாய் ஐந்தரை ஆண்டில் திரும்பும். சராசரி விலையை வைத்துப் போட்டால் அதே தொகை திரும்பப் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஏசியே மாறிவிடும். ஆகவே உங்கள் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு எச்சரிக்கை: நட்சத்திர லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. ஆண்டுக்கு முந்நூறு மணி நேரம் மட்டும் ஓடும் விருந்தினர் அறை ஏசிக்கு மேற்சொன்ன நியாயம் எதுவும் பொருந்தாது.

இதே முறை மின்விசிறியில் வேறு விடை தருகிறது. சாதாரண விசிறி 75 வாட், பிஎல்டிசி என்னும் மின்சிக்கன மோட்டார் கொண்ட விசிறி சுமார் 30 வாட். நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 38 யூனிட் மிச்சம். 100 யூனிட்டுக்குள் வாழும் வீட்டுக்கு இதன் பண மதிப்பு பூஜ்யம். 300 யூனிட் வீட்டுக்கு 179 ரூபாய். 600 யூனிட் வீட்டுக்கு 319. 530 யூனிட் வீட்டுக்கோ 500-க்குக் கீழே இறங்கி, போன சலுகையும் திரும்பிவிடுவதால், ஒரே ஒரு விசிறி மாற்றியதில் 500 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். கடைக்காரர் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சேமிப்புத் தொகையைச் சொல்கிறார் என்றால், அவர் யாருடைய பில்லையும் பார்க்கவில்லை என்று பொருள்.

சமையலில் கணக்கு இன்னும் நுட்பமானது. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள எரிவாயுவின் வெப்ப ஆற்றல் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் சுமார் 65 சதவீதமே பாத்திரத்துக்குள் போகிறது. மீதி சமையலறையைச் சூடாக்குகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் சுமார் 85 சதவீதம் போகும் என்று கொண்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை ஏறத்தாழ 138 யூனிட் மின்சாரம் செய்துவிடும். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. வகுத்தால் 6.30 வருகிறது, மின்சாரம் அதற்குக் கீழே கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம் என்று தோன்றும். இப்போது இரண்டு வீடுகளைப் பாருங்கள். 300 யூனிட் வீடு 138-ஐச் சேர்த்து 438-க்குப் போனால் பில் 705-இலிருந்து 1,414 ஆகிறது; கூடுதல் சுமார் 709 ரூபாய், சிலிண்டரைவிட மலிவு. 400 யூனிட் வீடு 538-க்குப் போனால் பில் 1,175-இலிருந்து 2,359 ஆகிறது. கூடுதல் 1,184 ரூபாய், சிலிண்டரைவிட முந்நூறு ரூபாய்க்கு மேல் அதிகம். அடுப்பும் ஒன்று, சாம்பாரும் ஒன்று. பக்கத்து வீட்டில் லாபமாக இருந்தது உங்கள் வீட்டில் நஷ்டமாகிறது. இரண்டாவது வீட்டுக்காரர் காலை டிபனை மட்டும் இண்டக்‌ஷனில் வைத்துக்கொண்டு, மொத்தத்தை 500-க்குள் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த அட்டவணை பெரும்பாலும் கண்ணிலேயே படாது. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம், ஆளுக்கொரு சப் மீட்டர், யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்பது நம் ஊர்களில் எங்கும் காணும் ஏற்பாடு. மூன்று குடும்பமும் தலா 300 யூனிட் ஓட்டினால் அந்த ஒற்றை இணைப்புக்கு 900 யூனிட், பில் 5,820 ரூபாய், சராசரி 6.47. வீட்டுக்காரர் இரண்டு வாடகைக் குடும்பங்களிடம் தலா 3,000 வாங்கினால், மூன்று வீட்டு பில்லையும் கட்டி, தன் வீட்டு மின்சாரமும் இலவசமாகி, கையில் 180 ரூபாய் மிஞ்சும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. மூன்று வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஆளுக்கு 705 வீதம் மொத்தமே 2,115 ரூபாய்தான். இணைப்பு ஒன்றாக இருப்பதாலேயே 3,705 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆகவே வீட்டுக்காரர் லாபமே வைக்காத நியாயஸ்தராக இருந்தாலும், பொது இணைப்பில் யூனிட் விலை உயர்ந்தே இருக்கும். வாடகை பேசும்போதே கேட்க வேண்டிய கேள்வி, மீட்டர் தனியா என்பதல்ல. மின் இணைப்பு எண் தனியா என்பதே.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு பகுதி பராமரிப்புத் தொகைக்குள் ஒளிந்திருக்கிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்பை 2022 ஆணை தனி வகையாக்கி, யூனிட்டுக்கு 8 ரூபாயும் அதன்மேல் நிலைக்கட்டணமும் விதித்தது. 2023 அக்டோபரில் பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் இது 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உங்கள் வீட்டு மின்செலவைக் கணக்கிடும்போது இந்தப் பங்கையும் சேர்க்காவிட்டால் கணக்கு முழுமையாகாது.

கூரைச் சூரியத் தகடு பற்றித் தனியாகக் கேட்கவில்லை என்றாலும், யூனிட் விலையை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொண்டால், 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். 1000 யூனிட் ஓட்டும் வீட்டில் பில் 6,870-இலிருந்து 611 ரூபாய்க்கு இறங்கும்; தகடு தந்த ஒவ்வொரு யூனிட்டும் 8.69 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. 500 யூனிட் வீட்டிலோ அதே தகடு அதிகபட்சம் மிச்சப்படுத்துவது 1,805 ரூபாய், யூனிட்டுக்கு 2.50. பிற சிறு கட்டணங்களை இதில் நான் சேர்க்கவில்லை. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இரு வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் போட்ட பணம் திரும்பும் காலம் ஒரு வீட்டுக்கு இன்னொன்றைவிட மூன்று மடங்குக்கு மேல் நீள்கிறது. நடுத்தரப் பயன்பாட்டு வீடு ஒன்று அல்லது இரண்டு கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும் என்று பரவலாக நம்பப்படுகிறது. 100 இலவச யூனிட் உள்பட இப்போதுள்ள அடுக்குகளை அப்படியே மாதத்துக்கு வைத்தால் நிச்சயம் குறையும். அடுக்குகளைப் பாதியாக்கி மாதக் கணக்கு கொண்டுவந்தால் குறைய வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஏப்ரலில் 200, மே மாதத்தில் 400 ஓட்டும் வீட்டுக்கு இப்போது 2,880 ரூபாய். பாதியாக்கிய அடுக்கில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 2,972 ரூபாய் 50 காசு. இரண்டு மாதத்தைச் சேர்த்துப் பார்ப்பது மே மாதத்து ஏற்றத்தை ஏப்ரலின் இறக்கத்தால் ஓரளவு சமன்செய்து தருகிறது. 500-ஐ ஒட்டி நிற்கும் சில வீடுகளுக்கு மாதக் கணக்கு லாபமாகவும் அமையும். அடுக்கு எப்படி வெட்டப்படும் என்று சொல்லாமல் மாதக் கணக்கைப் புகழ்வதும் இகழ்வதும் வீண்.

இனி இன்னொரு பொருளில் உண்மையான விலை: நீங்கள் கட்டுவது ஒருபுறம் இருக்க, அந்த யூனிட் உங்கள் வீட்டுக்கு வந்து சேர ஆகும் செலவு என்ன? ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் ஒப்புக்கொண்ட வீட்டுக் கட்டணம் முதல் 400 யூனிட்டுக்கு 4.80, அடுத்த நூறுக்கு 6.45. அந்த விலையில் 200 யூனிட்டுக்கு 960 ரூபாய் ஆக வேண்டும். வீட்டுக்காரர் கட்டுவது 235, மீதி 725 ரூபாயை அரசு மானியமாக மின்பகிர்மானக் கழகத்துக்குத் தருகிறது. 100 யூனிட் இலவசம் 2016 மே மாதத்தில் தொடங்கியது. 1000 யூனிட் ஓட்டும் வீட்டுக்கும் அது உண்டு. இலவசம் என்றால் செலவில்லை என்றல்ல, அதை வரிப்பணம் கட்டுகிறது என்றே பொருள்.

அந்த 4.80-உம் முழு அடக்கவிலை என்று கொள்ள முடியாது. கம்பியிலும் மின்மாற்றியிலும் வழியிலேயே கரையும் மின்சாரம் 15 சதவீதம் என்று வைத்தால், உங்கள் மீட்டரில் 100 யூனிட் பதிவாக, அந்தப் பக்கம் கிட்டத்தட்ட 118 யூனிட் அனுப்ப வேண்டும். யூனிட் 5 ரூபாய்க்கு வாங்கிய மின்சாரம் வீட்டு வாசலுக்கு வரும்போதே 5.88 ஆகிவிடும், கம்பம், மின்மாற்றி, சம்பளம், கடனுக்கு வட்டி எல்லாம் அதற்கு மேல். கடைகளுக்கு 2022 ஆணையில் 100 யூனிட்டுக்கு மேல் 9.50 ரூபாயும் நிலைக்கட்டணமும் வைத்ததில் இந்த இடைவெளியின் ஒரு பகுதி ஈடுசெய்யப்படுகிறது. ஐந்நூறு தாண்டிய வீடுகளும் ஓரளவு அதே சுமையைத்தான் தாங்குகின்றன. நீங்கள் மளிகைக் கடையில் கொடுக்கும் விலையிலும் பக்கத்து வீட்டு மின்சாரத்தின் சிறு துளி கலந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

நேரமும் ஒரு விலைதான். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பற்றாக்குறை நேரத்தில் மின்சந்தையில் ஒரு யூனிட் உச்சவரம்பான 10 ரூபாய் வரை போகும். வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் பெருகும்போது அதில் சிறு பங்குக்கும் இறங்கும். உங்கள் பழைய மீட்டருக்கு நண்பகலும் இரவு எட்டு மணியும் ஒன்றுதான். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டபின் விவசாயம் தவிர மற்றவர்களுக்கு நேரத்துக்கேற்ற கட்டணம் வரவேண்டும் என்கின்றன. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல், சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு என்பது அதன் அளவுகோல். அது நம் வீடுகளுக்கு வந்தால், துணி துவைக்கும் இயந்திரத்தையும் மோட்டாரையும் பகலுக்கு மாற்றுவதில் பணம் இருக்கும். அதுவரை மின்வாரியத்துக்குத்தான் லாபம், உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது ஒன்று உண்டு. கணக்கீட்டாளர் ரீடிங் எடுத்துச் சென்ற தேதியையும் எண்ணையும் அட்டையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பதாவது நாளில் மீட்டரைப் பார்த்து, ஓடிய யூனிட் 330-ஐத் தாண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். தாண்டியிருந்தால் மிஞ்சிய இருபது நாளில் 500-ஐ ஒட்டிப் போய் நிற்பீர்கள். அப்போது கீசரையும் இஸ்திரிப் பெட்டியையும் கொஞ்சம் குறைத்தால் மிஞ்சுவது 8.40 அல்ல, அந்த 235-உம் சேர்ந்தது. ரீடிங் எடுக்க வருபவர் மூன்று நாள் தாமதமானாலும், நாளுக்கு 8.1 யூனிட் ஓடும் வீட்டில் 486 என்பது 510 ஆகிவிடும். ஆகவே பில்லில் உள்ள இரண்டு தேதிகளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்து, அறுபதைக் கணிசமாகத் தாண்டியிருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். ஏசி வந்தபின் கோடை பில்களில் இந்த 500 உங்கள் கைக்கு எட்டாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையான பில்களில் எட்டும்.